நூலகர் சொன்ன நாவல்: மர்மத்துக்கு ஒரு வழி, ஃபேன்டஸிக்கு வேறு வழி

அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டால் ஒரு நல்ல நூலகம் நாலு விதமாகப் பதில் சொல்லும். ஊழியர்கள் கைப்பட எழுதி அலமாரியில் ஒட்டியிருக்கும் சின்ன அட்டை ஒரு வழி. நாடு முழுக்க உள்ள நூலக ஊழியர்கள் ஓட்டுப் போட்டு வெளியிடும் மாதப் பட்டியல் இன்னொன்று. நூலகர் குழு ஒன்று கூடிப் பேசி வருடத்துக்கு ஒருமுறை அறிவிக்கும் பட்டியல் மூன்றாவது. கவுண்டரில் இருப்பவரிடம் நேரிலோ, ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தோ கேட்டு வாங்குவது நாலாவது. எல்லாமே 'நூலகர் பரிந்துரை' என்ற ஒரே பெயரில்தான் உலவுகின்றன. ஆனால் புதிதாக வந்த மர்ம நாவலைத் தேடுகிறவருக்கும், புதிதாக வந்த ஃபேன்டஸியைத் தேடுகிறவருக்கும் ஒரே வழி சரிப்படாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மர்ம நாவல் என்றால், பரிந்துரைக்கிறவரின் ருசி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஃபேன்டஸி என்றால், நம் ருசி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே முன்னதற்கு அலமாரி அட்டை, பின்னதற்குக் கவுண்டர். பட்டியல்கள் இரண்டும் இந்த இரண்டுக்கும் நடுவில் வேறு வேலை செய்கின்றன. அதைப் பிறகு பார்ப்போம்.

காரணம் இதுதான். மர்ம நாவலைப் பரிந்துரைப்பவருக்கு ஒரு தொல்லை உண்டு: எது நன்றாக இருந்ததோ அதைச் சொல்ல முடியாது. கொலை செய்தது யார் என்பது கிடக்கட்டும், "கடைசியில ஒரு திருப்பம் இருக்கு பாருங்க" என்று சொன்னாலே பாதி சுவாரஸ்யம் போச்சு. படிக்கிறவர் முதல் பக்கத்திலிருந்தே சமையல்காரர் வரைக்கும் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவார். கதையை விட்டுவிட்டால் சொல்வதற்கு மிஞ்சுவது எந்த ஊர், எந்தக் காலம், துப்பறிகிறவர் எப்படிப்பட்ட ஆள், ரத்தம் எவ்வளவு என்பதுதான். சொல்லக்கூடிய விஷயம் குறைவாக இருக்கும்போது, சொல்கிறவர் யார் என்பதுதான் எடை பெறும்.

ஃபேன்டஸியில் இது தலைகீழ். அந்த உலகம் எப்படிப்பட்டது, மாயம் எப்படி வேலை செய்கிறது, அரியணைக்கு யார் யார் மோதுகிறார்கள், எல்லாவற்றையும் தாராளமாகச் சொல்லலாம், எதுவும் கெட்டுப்போகாது. சிக்கல் நம் நேரத்தில் இருக்கிறது. ஒரு மர்ம நாவல் பெரும்பாலும் முந்நூறு, முந்நூற்றைம்பது பக்கம். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு சனிக்கிழமை. காவிய பாணி ஃபேன்டஸியிலோ முதல் பாகமே அறுநூறு, எழுநூறு பக்கம் போகும். பின்னால் இரண்டு பாகமாவது வரிசையில் நிற்கும். சில சமயம் வரிசையில் நிற்பது நாமாக இருப்போம்: உலகமே கொண்டாடிய ஒரு தொடரின் ஐந்தாம் பாகம் 2011-இல் வந்தது, ஆறாம் பாகத்துக்காக வாசகர்கள் பத்தாண்டுக்கும் மேல் காத்திருந்தார்கள். இவ்வளவு பெரிய முதலீட்டுக்கு "ரொம்ப நல்லா இருக்கு" என்ற ஒரு வரி போதாது. எனக்கு நல்லா இருக்குமா என்பதுதான் கேள்வி.

அலமாரி அட்டை

புத்தகத்துக்குக் கீழே செருகியிருக்கும் கையகல அட்டை. ஊழியரின் பெயரோ முதலெழுத்தோ இருக்கும், மூன்று நாலு வரி இருக்கும். இந்த எளிய சமாச்சாரத்துக்கு இணையான ஒன்றை எந்த இணையதளமும் இன்னும் செய்யவில்லை என்பது என் கட்சி. ஆனால் எல்லா அட்டையும் அட்டை ஆகிவிடாது. உதாரணத்துக்கு நானே எழுதிப் பார்த்த இரண்டு:

"பிரமாதம்! கீழே வைக்க மனசே வராது. கடைசிப் பக்கம் வரை விறுவிறுப்பு. அவசியம் படியுங்கள்."

"கொலை 80-ஆம் பக்கத்தில்தான் நடக்கும். அதுவரை ஒரு குடும்பத்தின் சொத்துச் சண்டை. உண்மையில் அந்தச் சண்டைதான் ருசி. ரத்தம் அதிகம் இல்லை. நாய்க்கு ஒன்றும் ஆகாது."

முதல் அட்டையை எந்தப் புத்தகத்துக்குக் கீழே வேண்டுமானாலும் செருகலாம். சமையல் குறிப்புப் புத்தகத்துக்குக்கூடப் பொருந்தும். இரண்டாவது அட்டை கதையைப் பற்றி எதையும் உடைக்கவில்லை. ஆனால் எழுதியவரைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டது. இவர் பொறுமைசாலி. சடலத்தைவிட அதைச் சுற்றி நிற்கும் மனிதர்கள்தான் இவருக்கு முக்கியம். கடைசி வரியைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆனால் கதையில் செல்லப்பிராணி செத்தால் தாங்கமாட்டேன் என்று சொல்லும் மர்ம வாசகர்கள் ஏராளம். மனுஷன் செத்தால் பரவாயில்லை, அது வேறு விஷயம். அந்த வரியை எழுதியவர் வாசகர்களோடு பேசிப் பழகியவர்.

இப்படிப்பட்ட அட்டையைப் பயன்படுத்த ஒரு முறை இருக்கிறது. புதுப் புத்தகத்தின் அட்டையை முதலில் படிக்காதீர்கள். நீங்கள் ஏற்கெனவே படித்து முடித்த ஒரு புத்தகத்துக்கு அங்கே யாராவது அட்டை எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். அவர் சொன்ன காரணம் உங்களுக்கும் சரி என்று படுகிறதா? தீர்ப்பு ஒத்துப்போனால் மட்டும் போதாது, காரணமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் அந்தப் பெயரை மனதில் குறித்துக்கொண்டு, அப்புறம் அவர் எழுதிய அட்டைகளின் பின்னாலேயே போகலாம். ஒத்துப்போகாதவரும் உபயோகப்படுவார். ஒருவர் எப்போதும் "கொஞ்சம் மெதுவாகப் போகிறது" என்று குறைப்பட்டுக்கொண்டே எழுதுகிறார், உங்களுக்கோ மெதுவாகப் போகும் கதைதான் பிடிக்கும் என்றால், அவருடைய குறைகள்தான் உங்கள் பட்டியல்.

இன்னொன்று. பரிந்துரை அலமாரியில் மிச்சம் இருக்கும் புத்தகங்களைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது; நல்லவை காலையிலேயே போயிருக்கும். மேலே புத்தகம் இல்லாமல் அட்டை மட்டும் தனியாக நிற்கிறதே, அந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். அந்தத் தலைப்பைக் குறித்துக்கொண்டு முன்பதிவு போடுங்கள்.

அலமாரியில் இருப்பதெல்லாம் போன மாதம் வந்த புத்தகமாக இருக்கவேண்டும் என்றும் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தையது நிறைய இருக்கும், அதனால் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். இது சாதாரண லாபம் இல்லை. புதுப் புத்தகத்துக்கு, அதிலும் மின்னூலுக்கு, நூலகங்களில் வரிசை நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அச்சுப் புத்தகம் மாதிரி மின்னூலை நூலகம் ஒருமுறை வாங்கிக் கிழியும்வரை வைத்துக்கொள்ள முடிவதில்லை. ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம் 2011-இல் ஒரு மின்னூல் உரிமம் 26 இரவலோடு முடியும், மேலும் வேண்டுமானால் திரும்ப வாங்க வேண்டும் என்று விதித்தது. வேறு பதிப்பகங்கள் இத்தனை மாதம் என்று காலக்கெடு வைத்தன. அதனால் நூலகம் எண்ணி எண்ணித்தான் வாங்கும்.

ஃபேன்டஸிக்கு இதே அட்டை ஏன் பாதிதான் உதவுகிறது? 'அற்புதமான உலகம்' என்று எழுதியிருக்கும். யாருக்கு அற்புதம்? தொள்ளாயிரம் வருட வரலாறும் மூன்று மொழியின் பெயர்ச்சொற்களும் பின்னிணைப்பில் இருந்தால் குதூகலிப்பவரும் உண்டு, இரண்டாம் பக்கத்தில் நாலு அரச வம்சத்தின் பெயர் வந்ததும் மூடிவைப்பவரும் உண்டு. அட்டையிடம் திரும்பக் கேள்வி கேட்க முடியாது. அதோடு புதுவரவு அலமாரியின் ஃபேன்டஸி வரிசையைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்: முதுகில் 2, 3 என்று எண் ஒட்டிய பாகங்கள்தான் அதிகம் இருக்கும். முதல் பாகம் வேறெங்கோ, அல்லது வேறு யாரிடமோ. துப்பறியும் தொடரில் பதினாலாவது புத்தகத்தைத் தனியாக எடுத்துப் படித்தாலும் வழக்கு அதற்குள்ளேயே முடிந்துவிடும். துப்பறிகிறவரின் விவாகரத்து விவரம் மட்டும்தான் நமக்கு விட்டுப்போகும். ஃபேன்டஸித் தொடரில் இரண்டாம் பாகத்தில் நுழைவது யாரையும் தெரியாத கல்யாண வீட்டுப் பந்தியில் நடுவில் உட்கார்ந்த மாதிரி. ஒரே பாகத்தில் முடியும் ஃபேன்டஸி நாவல்களுக்கும், உலகைக் காப்பாற்றும் பொறுப்பெல்லாம் இல்லாத இதமான சிறிய மாயக் கதைகளுக்கும் மட்டும் அட்டையை நம்பலாம்.

மாதப் பட்டியல்

அமெரிக்காவில் 2013-இல் தொடங்கிய லைப்ரரிரீட்ஸ் இந்த வகையில் முக்கியமானது. அடுத்து வெளியாக இருக்கும் புத்தகங்களை அங்குள்ள பொது நூலக ஊழியர்கள் முன்கூட்டியே படித்து ஓட்டுப் போடுகிறார்கள். அதிக ஆதரவு பெற்ற பத்துப் புத்தகங்கள் அந்தந்த மாதப் பட்டியலில் இடம்பெறும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூலக ஊழியர் எழுதிய குறிப்போடு. கனடாவில் லோன் ஸ்டார்ஸ் என்று இதே போன்ற ஏற்பாடு இருக்கிறது. ஓட்டுப் போடுகிறவர்கள் யாரும் புத்தகம் விற்கிறவர்கள் இல்லை என்பது இதன் பலம்.

பலவீனம் எங்கே என்றால், அவர்களுக்குப் படிக்கக் கிடைப்பது எது என்பதில். வெளியீட்டுக்கு முன்பே படிக்க வேண்டுமானால் பதிப்பகம் முன்பிரதி கொடுத்திருக்க வேண்டும். அது நெட்கேலி, எடல்வைஸ் போன்ற தளங்கள் வழியாக மின்வடிவில் வருகிறது. தாராளமாக முன்பிரதி தரும் வசதி பெரிய பதிப்பகங்களுக்குத்தான் அதிகம். எனவே சிறு பதிப்பகத்திலிருந்து வந்த விநோதமான மாயக் கதையோ, மொழிபெயர்ப்பில் வந்த துப்பறியும் கதையோ இந்த ஓட்டத்தில் பின்தங்கிவிடும். பெயர்பெற்ற எழுத்தாளர்களே திரும்பத் திரும்ப இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பிரச்சனையும் இருந்தது. அதற்கு அவர்களே ஒரு வழி செய்திருக்கிறார்கள்: பலமுறை பட்டியலில் வந்த எழுத்தாளரை 'புகழ் மண்டபம்' என்று தனி வரிசைக்கு மாற்றிவிடுகிறார்கள். பத்து இடத்தில் புதியவருக்கு இடம் கிடைக்கிறது. ஓட்டெடுப்புக்கு இப்படி ஒரு கடிவாளம் போட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தப் பட்டியலை வாசிக்கும்போது மறக்கக்கூடாத விஷயம், பத்து இடம் எல்லா வகைக்கும் பொது. காதல் கதை, வரலாற்றுப் புனைவு, குடும்பக் கதை எல்லாவற்றோடும் மோதித்தான் ஒரு ஃபேன்டஸி உள்ளே வருகிறது. அப்படி வந்தது என்றால், வழக்கமாக ஃபேன்டஸி தொடாத ஊழியர்களுக்கும் அது பிடித்திருக்கிறது என்று பொருள். இந்த வகைக்குள் முதல்முறையாக வருகிறவருக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடையாது. பத்து வருடமாக ஃபேன்டஸியே கதி என்று இருப்பவருக்கோ அது கொஞ்சம் சாதுவாகத் தெரியலாம். மர்மத்திலும் இதே கணக்குத்தான்: பட்டியலில் வருவது பெரும்பாலும் எல்லோருக்கும் தோதான துப்பறியும் கதையாக இருக்கும், புதிர்ப் பைத்தியங்களுக்கானது குறைவு.

அப்புறம் காத்திருப்பு. பட்டியலில் வந்த புத்தகத்துக்கு வரிசை உடனே நீளும். பட்டியல் வந்த அன்றே முன்பதிவு போடுகிறவருக்குத்தான் இது லாபம்.

வருடாந்தரப் பட்டியல்

அமெரிக்க நூலகச் சங்கத்தின் பிரிவான ரூசா 2007-இல் உருவாக்கிய 'தி ரீடிங் லிஸ்ட்' வேறு மாதிரி வேலை செய்கிறது. இங்கே ஓட்டெடுப்பு கிடையாது. வகைப் புனைவில் ஊறிய நூலகர்களின் குழு எட்டு வகைகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு நாவலைத் தேர்ந்தெடுக்கும், கூடவே குறும்பட்டியலும் தரும். ஃபேன்டஸிக்கு ஒரு இடம், அறிவியல் புனைவுக்குத் தனி இடம், திகிலுக்குத் தனி. மர்மத்துக்கு ஒன்று, 'அட்ரினலின்' என்ற பெயரில் பரபரப்பு நாவலுக்கு இன்னொன்று.

இந்தக் கடைசிப் பிரிவினையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். கடை அலமாரியில் இரண்டையும் ஒன்றாகக் கொட்டி வைத்திருப்பார்கள், அட்டைப்படத்திலும் ஒரே மாதிரி இருட்டுச் சாலை. ஆனால் மர்ம நாவலின் கேள்வி 'யார் செய்தது' என்பது. நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கும் கதை. பரபரப்பு நாவலின் கேள்வி 'அடுத்து என்ன ஆகப்போகிறது' என்பது. வில்லன் யார் என்று பத்தாம் பக்கத்திலேயே தெரிந்திருக்கலாம். புதிர் அவிழ்க்க உட்கார்ந்தவர் கையில் துரத்தல் கதை கிடைத்தால் எழுத்தாளரைத் திட்டுவார். அவர்மேல் தப்பே இருக்காது. இந்தக் கலப்படத்தை ஒரு பட்டியல் தடுக்கிறது என்றால் அதுவே பெரிய உபகாரம்.

வெற்றி பெற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு குறும்பட்டியலை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அது வீண். ஒரு வகையின் அகலம் அந்தக் குறும்பட்டியலில்தான் தெரியும்: ஒன்று இதமான கிராமத்துக் கொலையாக இருக்கும், ஒன்று நகரத்துப் போலீஸ் கதையாக இருக்கும். வெற்றி பெற்ற நாவலோடு, 'இது பிடித்தால் இவற்றையும் பாருங்கள்' என்று வேறு நூல்களையும் குழு கைகாட்டுகிறது. எல்லோரும் முதல் புத்தகத்துக்கு வரிசையில் நிற்கும்போது நீங்கள் அந்தப் பக்கம் போய்விடலாம்.

ஃபேன்டஸிக்கு வருடாந்தரப் பட்டியலின் குறை, குழுவின் கையில் இருந்தது பெரும்பாலும் ஒரு முதல் பாகம் என்பது. அந்தப் பாகத்தை எடைபோட்டுச் சரியாகவே தீர்ப்புச் சொல்லியிருப்பார்கள். மூன்றாம் பாகம் எப்படி முடியும் என்று அவர்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? ஆனால் நாலைந்து வருடத்துக்கு முந்தைய பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் வந்த தொடர் முடிந்துவிட்டதா, கடைசிப் பாகத்தை மற்றவர்கள் எப்படி ஏற்றுக்கொண்டார்கள் என்பதெல்லாம் இப்போது தெரியும். ஃபேன்டஸியில் பழைய பட்டியல் புதிய பட்டியலைவிட மதிப்புள்ளது. புதுசுதான் வேண்டும் என்று பிடிவாதம் இல்லையென்றால் இதுவே என் ஆலோசனை.

நூலகர்களின் தேர்வில் இன்னொன்றும் உண்டு: பிரிட்டனின் குற்றப் புனைவு எழுத்தாளர் சங்கம் தரும் 'டேகர் இன் தி லைப்ரரி' விருது. இது ஒரு நாவலுக்குத் தரப்படுவதில்லை, ஒரு எழுத்தாளரின் மொத்தப் படைப்புக்கும் தரப்படுகிறது. புதிய நாவலைத் தேடுகிறவருக்கு நேரடியாக உதவாது. ஆனால் ஒரே எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் படிக்க ஆசைப்படும் மர்ம வாசகருக்கு இது பொக்கிஷம்.

ஹ்யூகோ, எட்கர் போன்ற விருதுகளை இங்கே ஒப்பிடுவது நியாயமா என்று யோசித்தேன். 1953 முதல் தரப்படும் ஹ்யூகோவுக்கு உலக அறிவியல் புனைவு மாநாட்டின் உறுப்பினர்கள், அதாவது தீவிர ரசிகர்கள், ஓட்டுப் போடுகிறார்கள். எட்கரை மர்ம எழுத்தாளர்களின் சங்கம் தருகிறது. ரசிகர் ரசிகருக்குச் சொல்வது, எழுத்தாளர் எழுத்தாளரை மெச்சுவது. நூலகர் நிற்கும் இடம் வேறு: புத்தகம் யாரிடம் போகிறது, எத்தனை நாளில் திரும்பி வருகிறது, திரும்பக் கொடுக்கும்போது அந்த முகம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்ணில் படுகிறது.

கவுண்டர்

ஃபேன்டஸிக்கு நான் கைகாட்டும் இடம் இதுதான். 'ஏதாவது நல்ல புக் சொல்லுங்க' என்று கேட்பதில் பயன் இல்லை என்பது தெரிந்ததே. நல்ல நூலகர் அந்தக் கேள்வியை அப்படியே விடமாட்டார். பேச்சு ஏறக்குறைய இப்படிப் போகும்:

"மேடம், ஃபேன்டஸி புதுசா ஏதாவது வந்திருக்கா?"

"வந்திருக்கு. கடைசியா நீங்க ரசிச்சுப் படிச்ச புத்தகம் எது? ஃபேன்டஸியாத்தான் இருக்கணும்னு இல்ல."

"ஒரு கப்பல் கதை. துறைமுகம், வியாபாரம், யாருக்கு யார் கடன் குடுக்கணும்னு."

"அதுல எது பிடிச்சது? கடலா, கடனா?"

"கடன்தான் மேடம். ஒருத்தரை ஒருத்தர் எப்படி மடக்குறாங்கங்கறது."

"அப்ப டிராகனைத் தேட வேண்டாம். அரசவைச் சூழ்ச்சி இருக்கற மாதிரி பார்க்கலாம். தொடர்னா பரவாயில்லையா?"

"முடிஞ்ச தொடரா இருந்தா சரி."

"பேரெல்லாம் நிறைய வந்தா குழம்புவீங்களா?"

"மேப் இருந்தா சமாளிச்சுடுவேன்."

இதில் நூலகர் டிராகன் பிடிக்குமா, சூனியக்காரி பிடிக்குமா என்று ஒரு இடத்திலும் கேட்கவில்லை. 'கடலா, கடனா' என்ற ஒரே கேள்வியில் கதையின் வெளித்தோற்றத்தையும் உள்ளே இழுத்துப் போனதையும் பிரித்துவிட்டார். நூலகத் துறையில் இதற்கு ஒரு மரபே இருக்கிறது. 1989-இல் வெளிவந்த தன் கையேட்டில் அமெரிக்க நூலகர் ஜாய்ஸ் சாரிக்ஸ், நாவலைக் கதைப்பொருளை வைத்துப் பொருத்துவதைவிட அதன் வேகம், பாத்திரங்கள், கதைப்போக்கு, சூழல் ஆகியவற்றை வைத்துப் பொருத்தச் சொன்னார். அமெரிக்காவின் சியாட்டில் நகர நூலகர் நான்சி பேர்ல் அதை நாலு வாசல் என்றார்: கதை, பாத்திரம், களம், மொழி. ஒவ்வொரு வாசகருக்கும் இவற்றில் ஒரு வாசல் பெரிதாகத் திறந்திருக்கும். கப்பல் கதை படித்தவருக்குக் களம் வழியாக நுழையும் ஃபேன்டஸியைக் கொடுத்திருந்தால், அலையும் பாய்மரமும் நிறைந்த எழுநூறு பக்கத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார், நூறாவது பக்கத்தில் திரும்ப வந்திருப்பார்.

நேரில் பேசக் கூச்சப்படுகிறவர்களுக்குப் படிவம் இருக்கிறது. சியாட்டில் பொது நூலகத்தின் 'யுவர் நெக்ஸ்ட் 5' அப்படிப்பட்டது: ருசியை எழுதி அனுப்பினால் ஊழியர் ஒருவர் பார்த்துப் புத்தகங்களைத் தேர்ந்து பதில் அனுப்புவார். வேறு பல நூலகங்களிலும் வேறு பெயர்களில் இது நடக்கிறது. படிவத்தில் பிடித்த புத்தகங்களின் பெயரை மட்டும் வரிசையாக எழுதி அனுப்புவது போதாது. பிடிக்காமல் பாதியில் விட்ட ஒன்றையாவது, ஏன் விட்டீர்கள் என்பதோடு எழுதுங்கள். 'எல்லோரும் கொண்டாடினார்கள், எனக்கு நாயகன் எல்லாவற்றிலும் ஜெயித்துக்கொண்டே இருந்தது அலுப்பாக இருந்தது' என்ற ஒரு வரி, ஐந்து பிடித்த தலைப்புகளைவிட அதிகம் சொல்லும். எத்தனை பக்கம் வரை தாங்கும், முடியாத தொடர் பரவாயில்லையா, குரூரம் எவ்வளவு தாங்குவீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள். மரியாதைக்காக எல்லாவற்றையும் பிடிக்கும் என்று எழுதினால், மரியாதையான புத்தகம்தான் வரும்.

கவுண்டரில் இருப்பவர் ஃபேன்டஸியே படிக்காதவராக இருந்தால்? அப்படி நேர்வது சகஜம். "இங்க ஃபேன்டஸி விரும்பிப் படிக்கிறவங்க யாரு?" என்று நேரடியாகக் கேட்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். இல்லாவிட்டால் அவர் நாவலிஸ்ட் போன்ற தரவுத்தளத்தில் தேடித் தருவார். அதன் பொருத்தங்கள் மோசமில்லை. ஆனால் கடலா கடனா என்ற கேள்வியை அது கேட்காது. அதை நீங்களே கேட்டுக்கொண்டு விடையோடு போகவேண்டும்.

மர்ம நாவலுக்குக் கவுண்டர் ஏன் அட்டைக்கு அடுத்தபடிதான் என்று கேட்கலாம். ஆர்வமாகப் பேச்சு நீண்டால் யாராவது ஒருவர் எதையாவது உளறிவிடுவோம். மர்மத்தில் சுருக்கமான பேச்சே பாதுகாப்பு. நீண்ட துப்பறியும் தொடரை எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று கேட்பதற்கு மட்டும் கவுண்டருக்கு நிகர் இல்லை. முதல் புத்தகம் என்பது சரியான பதிலாகப் பல சமயம் இருப்பதில்லை. எழுத்தாளருக்குக் கை படிந்தது மூன்றாவதிலோ நாலாவதிலோ என்று சொல்லக்கூடியவர், அத்தனையும் படித்த ஒரு நூலகர்தான்.

எப்படித் தேர்ந்தெடுத்தாலும் சில புத்தகங்கள் ஒட்டாது. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, 'வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து' என்பது. பிடிக்காததை எப்போது மூடலாம் என்பதற்கு நான்சி பேர்ல் ஒரு கணக்கே போட்டார்: ஐம்பது வயது வரை உள்ளவர்கள் ஐம்பது பக்கம் பொறுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு மேல் போனவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து வருகிற பக்கம் வரை படித்தால் போதும். அறுபது வயதுக்கு நாற்பது பக்கம், எழுபத்திரண்டுக்கு இருபத்தெட்டு. மர்ம நாவலுக்கு இந்தக் கணக்கு கச்சிதம். சடலமும் சந்தேகமும் அதற்குள் வந்திருக்கும், அல்லது வராது என்று அட்டை எச்சரித்திருக்கும். காவிய ஃபேன்டஸிக்கு நான் இதை இரட்டிப்பாக்கிக்கொள்வேன். முதல் ஐம்பது பக்கம் முன்கதைக்கும், பெயர்களோடு பழகுவதற்கும் சரியாக இருக்கும்.

இரண்டும் கலந்தால்

சமீப வருடங்களில் இந்த இரண்டு அலமாரிகளுக்கும் நடுவே ஒரு வகை வளர்ந்து வருகிறது: மாய உலகத்தில் நடக்கும் துப்பறியும் கதை. 2025-இல் ஹ்யூகோ விருது பெற்ற நாவலே அப்படிப்பட்டதுதான். இதை எந்த வழியில் தேடுவது? கவுண்டரைத்தான் சொல்வேன், ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு. 1929-இல் ஆங்கிலேய எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் எழுதினார். அதில் மாய சக்திகளுக்கு இடமே கிடையாது. ஒன்றுக்கு மேல் ரகசிய வழிகூடக் கூடாது. அவருடைய கவலை நியாயமானது. பூட்டிய அறைக்குள் கொலை நடந்திருக்கிறது, கொன்றவன் சுவரை ஊடுருவிப் போகும் மந்திரம் தெரிந்தவன் என்று கடைசி அத்தியாயத்தில் சொன்னால் வாசகன் புத்தகத்தைத் தூக்கி எறிவான். அதே மந்திரம் இரண்டாம் அத்தியாயத்திலேயே அறிமுகமாகி, ஊடுருவுகிறவனின் உள்ளங்கையில் சாம்பல் படியும் என்றும் சொல்லப்பட்டு, பதினோராம் அத்தியாயத்தில் ஒருவர் சும்மா கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தால், அது நேர்மையான ஆட்டம்.

ஆகவே புத்தகத்தை நீட்டும் நூலகரிடம் கேட்க வேண்டியது இது: "இந்தக் கதையில மந்திரத்தோட விதியெல்லாம் கொலைக்கு முன்னாடியே சொல்லிடறாங்களா?" படித்தவராக இருந்தால் எதையும் உடைக்காமல் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிட முடியும். ஆமாம் என்றால் மர்ம வாசகரும் எடுத்துக்கொண்டு போகலாம். இல்லை என்றால் அது துப்பறிவாளர் வேஷம் போட்ட ஃபேன்டஸி. அந்த உலகம் பிடித்தால் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.